நானோ என்றாலே நல்லது என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த, நானோ மேற்பரப்புகளும் உயிரணுக்களும் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில், இரண்டாம் தடவை கொஞ்சம் கோபத்தில். செல் எந்தத் தரையில் நிற்கிறது என்பதைப் பற்றி ஒரு பத்திரிகை அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: மேற்பரப்பு எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நன்றாகச் செல்கள் ஒட்டி வளரும் என்று. அந்த வரி தப்பு. நாளைக்கு நானோ பூச்சு என்று எழுதிய எதைப் பார்த்தாலும் வாசகர் நம்பிவிட அந்த ஒரு வரி போதும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. செல் வளர்ப்பு ஆய்வகங்களில் 20 வருஷத்துக்கு மேல் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மீடியம், அதாவது செல்லுக்கு உணவான திரவத்தை மாற்றுவது, தட்டு கழுவுவது, செல்லைப் பிரித்துப் புதுத் தட்டில் விடுவது, எண்ணுவது, சாயமேற்றுவது, இதுதான் வேலை. அந்த வேலையில் செல்லைத் தினமும் கண்ணால் பார்க்கிற வாய்ப்பு இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், பழைய மீடியத்தை உறிஞ்சும்போது கை தவறி, பிப்பெட் நுனி தட்டின் அடியில் உரசிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு கோடு. மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், தட்டு முழுக்க ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத் திசுச் செல்கள் வழக்கம்போல் திசைக்கொன்றாகக் கிடக்கின்றன, அந்தக் கோட்டை ஒட்டி இருந்தவை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, கோட்டின் போக்கிலேயே படுத்திருந்தன, வாய்க்காலில் ஓட்டத்தை எதிர்த்து நிற்கிற மீன்குஞ்சுகள் மாதிரி. அதே செல், அதே மீடியம், அதே பிளாஸ்டிக். யாரும் அவற்றுக்கு எந்த மருந்தும் ஊற்றவில்லை. ஒரு கீறல், அவ்வளவுதான். அன்றைக்கு நான் அந்தத் தட்டைத் தூக்கிப் போட மனசு வராமல் இன்குபேட்டரில் இன்னும் மூன்று நாள் வைத்திருந்தேன்.

அந்தக் கீறல் சில மைக்ரான் அகலம் இருந்திருக்கும், ஒரு மைக்ரான் என்றால் ஆயிரம் நானோமீட்டர், நானோ கணக்கில் அது ஒரு பெரிய பள்ளத்தாக்கு. ஒரு தலைமுடியின் குறுக்களவு ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். தட்டில் ஒட்டி விரிந்த ஒரு ஃபைப்ரோபிளாஸ்டின் நீளமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும். அந்தச் செல் 70 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு வரப்பை, அதாவது தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றை, உணர்ந்து அதன்படி திரும்புமா என்று கேட்டால் யாரும் முதலில் நம்பமாட்டார்கள். திரும்பும் என்று 2003ல் அமெரிக்காவில் பால் நீலி, கிறிஸ்டோபர் மர்ஃபி ஆகியோர் இருந்த குழு கார்னியா எபிதீலியச் செல்களை, அதாவது கருவிழியை மூடியிருக்கிற மேல்படலச் செல்களை வைத்துக் காட்டியது. கார்னியாவில் அந்தச் செல்கள் உட்கார்ந்திருக்கிற அடிச்சவ்வை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அங்கே வழவழப்பான தரையே கிடையாது, சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் வரை இழைகளும் துளைகளும் மேடுகளும் பின்னிக் கிடக்கும். உடம்பில் எங்கே போனாலும் இதே கதை. கொலாஜன் இழையில் 67 நானோமீட்டருக்கு ஒரு முறை பட்டை வரும். செல் பிறந்து வளர்ந்த ஊரே மேடு பள்ளம்தான், நாம்தான் அதைக் கொண்டுவந்து கண்ணாடி மாதிரி வழித்த பிளாஸ்டிக்கில் உட்காரவைத்து, அது செய்வதையெல்லாம் அதன் இயல்பு என்று பாடப்புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தோம்.

இதை ஏதோ இப்போது கண்டுபிடித்த மாதிரி கட்டுரை சொல்கிறது, அதையும் திருத்த வேண்டும். ராஸ் ஹாரிசன் என்ற அமெரிக்க விலங்கியலாளர், 1907ல் தவளைக் கருவின் நரம்புத் திசுவை உடம்புக்கு வெளியே ஒரு துளி நிணநீரில் வளர்த்துக் காட்டியவர், செல் வளர்ப்பு என்ற எங்கள் தொழிலே அவரிடமிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். அவரே அடுத்த சில வருஷங்களில் சிலந்தி நூலை விரித்து அதன்மேல் கருச்செல்களை விட்டுப் பார்த்தார். அவை நூலைப் பிடித்துக்கொண்டு நூல் போகிற வழியிலேயே போயின. அதைப் பற்றிய விரிவான கட்டுரை வந்தது 1914ல். 1940களில் பால் வைஸ் என்ற உயிரியலாளர் இதற்குத் தொடு வழிகாட்டல் என்கிற பொருளில் பெயர் வைத்தார். அப்புறம் கிளாஸ்கோவில் ஆடம் கர்ட்டிஸ். அவர் 1960களிலேயே இதைப் பிடித்துக்கொண்டவர், பின்னால் கிறிஸ் வில்கின்சன் என்ற மின்னணுப் பொறியியலாளரோடு சேர்ந்தார். கம்ப்யூட்டர் சிப்பில் கோடு செதுக்குகிற அதே கருவிகளால் செல்லுக்குச் சால் உழுது கொடுத்தார்கள். இந்த உணர்வு செல்லுக்கு இருக்கிறது என்பது நூறு வருஷத்துக்கு மேல் பழைய செய்தி. புதுசு என்னவென்றால், அவ்வளவு சின்னதாகச் செதுக்க நமக்குக் கை வந்ததுதான்.

சரி, செல் எப்படி உணர்கிறது? கட்டுரை இதை ஒரே வரியில் தாண்டிவிட்டது, எனக்கு அதுதான் மிகவும் வருத்தம். செல்லின் தோலில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் இருக்கின்றன, தலைப்பாகம் சுமார் 10 நானோமீட்டர். வெளியே தரையைப் பிடிப்பதும் அதுதான், உள்ளே டாலின் போன்ற புரதங்கள் வழியாக ஆக்டின் என்ற புரதத்தாலான உட்கயிறுகளோடு கோத்துக்கொள்வதும் அதுதான். ஒற்றை இன்டெக்ரின் பிடித்தால் பிடி நிற்காது. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று கூட்டம் சேரவேண்டும். சேர்ந்த பிறகு செல் உள்ளிருந்து இழுத்துப் பார்க்கும். தரை பிடி கொடுத்தால் டாலின் நீண்டு விரிகிறது, விரிந்ததும் அதில் மறைந்திருந்த இடங்கள் வெளியே வந்து வின்குலின் என்ற புரதம் வந்து ஒட்டுகிறது, பிடி இறுகுகிறது. பிடி கிடைக்காத இடத்தில் விட்டுவிட்டு, ஃபிலோபோடியா எனப்படும் மெல்லிய விரல்களை வேறு பக்கம் நீட்டுகிறது. வீடியோவில் வேகமாக ஓட்டிப் பார்த்தால், விளக்கு அணைந்த வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். அந்த ஆக்டின் கயிறுகளின் மறுமுனை செல்லின் உட்கரு வரை போகிறது. கயிற்றின் இழுவை மாறினால் உட்கருவின் வடிவம் மாறுகிறது, எந்த மரபணு வேலை செய்யும் என்பதிலும் அது போய் முடிகிறது. தரையில் இருக்கிற ஒரு குழி மரபணு வரைக்கும் போய்ச் சேருகிற பாதை இது.

இந்தக் கூட்டம் சேர்கிற கணக்கை ஜெர்மனியில் யோவாகிம் ஸ்பாட்ஸ் குழு 2004ல் அழகாக அளந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இன்டெக்ரின் பிடிக்க மட்டும் இடமிருக்கிற மாதிரி 8 நானோமீட்டருக்கும் சிறிய தங்கப் புள்ளிகளை வரிசையாகப் பதித்தார்கள், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் எதுவும் ஒட்டாத பூச்சு. இடைவெளி 58 நானோமீட்டர் இருந்தபோது செல்கள் நன்றாக ஒட்டி விரிந்தன. 73 ஆனதும் பிடி தளர்ந்துவிட்டது. 15 நானோமீட்டர் வித்தியாசம்! இந்த எண்களை முதன்முதலில் எங்கள் ஆய்வகக் கருத்தரங்கில் கேட்டபோது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் புல்லரித்தது, இன்றைக்கும் அதை எழுதும்போது அப்படித்தான் இருக்கிறது.

இப்போது நான் சண்டை போடுகிற வரிக்கு வருகிறேன். நுண்ணியதாக ஆக ஆக நல்லது என்றால், அளவு மட்டுமே முடிவு செய்கிறது என்றாகிறது. கிளாஸ்கோவிலிருந்து மாத்யூ டால்பியும் கூட இருந்தவர்களும் 2007ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 120 நானோமீட்டர் அகலம், 100 நானோமீட்டர் ஆழம், இப்படி ஒரே அளவுக் குழிகள், ஒன்றிலிருந்து அடுத்தது சராசரியாக 300 நானோமீட்டர் தள்ளி. குழி எல்லாத் தகட்டிலும் ஒன்றுதான், அடுக்கு மட்டும் வேறு. ஒரு தகட்டில் கட்டம் போட்ட தாள் மாதிரி நேர்த்தியான சதுர அடுக்கு. இன்னொன்றில் தாறுமாறு. இன்னொன்றில் சதுர அடுக்குதான், ஆனால் ஒவ்வொரு குழியும் தன் இடத்திலிருந்து 50 நானோமீட்டர் வரை அங்கே இங்கே நகர்ந்திருக்கும். மனித எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்களை, இவற்றின்மேல் விட்டார்கள், எலும்பாக மாறத் தூண்டும் மருந்து எதுவும் சேர்க்காமல். நேர்த்தியான அடுக்கிலும் எலும்புப் புரதம் பெரிதாக வரவில்லை, தாறுமாறிலும் வரவில்லை. லேசாகக் கலைந்த அடுக்கில் வந்தது. நான்கு வருஷம் கழித்து, 2011ல், அதே குழுவினர் நேர்த்தியான சதுர அடுக்கு எதற்கு நல்லது என்றும் காட்டினார்கள். ஸ்டெம் செல் எதுவாகவும் மாறாமல் எட்டு வாரம் வரை ஸ்டெம் செல்லாகவே இருக்க அது உதவுகிறது. ஆக, ஒரே அளவுக் குழி எப்படி அடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து, ஒன்று செல்லை எலும்பின் பக்கம் தள்ளுகிறது, ஒன்று அப்படியே நிறுத்திவைக்கிறது. இதில் எது நல்லது, எது கெட்டது? எலும்பு வேண்டியவருக்கு ஒன்று, ஸ்டெம் செல்லைப் பெருக்கிச் சேர்த்துவைக்க வேண்டியவருக்கு இன்னொன்று.

அளவை மட்டும் மாற்றினாலாவது நேர்கோட்டில் போகிறதா என்றால், அங்கேதான் உங்கள் கட்டுரையாளர் அவசியம் பார்த்திருக்க வேண்டிய வழக்கு இருக்கிறது. டைட்டானியத்தின்மேல் மின்வேதியியல் முறையில் டைட்டானியம் ஆக்சைடு நுண்குழாய்களை வளர்க்கலாம், தேனடை மாதிரி அடுக்கடுக்காக நிற்கும், மின்னழுத்தத்தை மாற்றினால் குழாயின் விட்டம் மாறும். 2007ல் ஜெர்மனியில் பார்க், ஃபான் டெர் மார்க், ஷ்முகி ஆகியோர், 15 நானோமீட்டர் குழாயில் ஸ்டெம் செல்கள் சிறப்பாக ஒட்டி வளர்வதாகவும், 50க்கு மேல் போனால் தளர்வதாகவும், 100ல் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்வதாகவும் எழுதினார்கள். இரண்டு வருஷத்தில், 2009ல், கலிஃபோர்னியாவில் சுங்கோ ஜின் குழு கிட்டத்தட்ட தலைகீழாகச் சொன்னது: 30 நானோமீட்டரில் ஒட்டும், ஆனால் மாறாது. 70லிருந்து 100 வரை உள்ள குழாய்களில்தான் செல் நெடுக நீண்டு எலும்புச் செல்லின் பக்கம் போகிறது. ஒருவர் சாவு என்கிற இடத்தில் இன்னொருவர் எலும்பு என்கிறார். இரண்டுமே கவனமாகச் செய்த வேலை. முதல் குழு எலியின் செல், இரண்டாவது மனிதச் செல். குழாயைச் சூட்டில் பதப்படுத்தினார்களா, படிக அமைப்பு என்ன, எப்படிக் கிருமிநீக்கம் செய்தார்கள், முதல் நாளில் எத்தனை செல் விட்டார்கள், எல்லாமே காரணமாக இருக்கலாம். உங்கள் கட்டுரை இதில் முதல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு பொதுவிதியாக எழுதியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

கார்னியா செல்லைப் பற்றி மேலே சொன்னேனே, அதிலும் ஒன்று உண்டு. அதே குழு 2006ல் காட்டியது: ஒரு மீடியத்தில் நானோ சாலின் போக்கிலேயே படுத்த அதே வகைச் செல்கள், வேறு மீடியத்தில் விட்டபோது சாலுக்குக் குறுக்கே திரும்பிப் படுத்தன. தரையை யாரும் தொடவில்லை. அதாவது செல் தரையைத் தனியாகப் படிப்பதில்லை, சுற்றி இருக்கிற திரவம் சொல்வதையும் சேர்த்தே படிக்கிறது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது, செல் பெரும்பாலும் வெறும் தரையைத் தொடுவதே இல்லை. ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் கலந்த மீடியத்தை ஊற்றிய சில நொடிகளிலேயே ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் போன்ற புரதங்கள் தரையில் படிந்துவிடுகின்றன, செல் மெதுவாக இறங்கி வந்து தொடுவது அந்தப் படிவைத்தான். மேடு பள்ளம் மாறினால் அந்தப் படிவும் மாறும். செல் உணர்ந்தது குழியையா, குழியில் படிந்த புரதத்தையா என்று பிரித்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது கையால் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். போதாததற்குத் தரை மெத்தென்றிருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்பதையும் செல் கவனிக்கிறது. 2006ல் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழு மூளை அளவுக்கு மெத்தென்ற ஜெல், தசை அளவு, அதைவிடக் கெட்டியான ஜெல் என்று வைத்து ஸ்டெம் செல்கள் வெவ்வேறு பாதையில் போவதைக் காட்டியது.

எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சமயம் டைட்டானிய வில்லைகளின்மேல் எலும்புச் செல் வளர்த்துக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து வாங்கிய வில்லைகள்தான். திடீரென்று ஒரு வாரத்திலிருந்து எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. சீரத்தை மாற்றினோம், மைக்கோபிளாஸ்மா தொற்று இருக்கிறதா என்று பார்த்தோம், இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு அளவைச் சரிபார்த்தோம், செல்லை உறைநிலையிலிருந்து புதிதாக எடுத்தோம். இரண்டு மாதம் போனது. ஒரு நாள் சாயமேற்றுவதற்காகப் பழைய வில்லை ஒன்றையும் புது வில்லை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் டியூப்லைட்டின் பிம்பம் கோடாகத் தெரிந்தது. புதியதில் வெறும் சாம்பல் மங்கல். பழையது பாலிஷ் போட்டது, புதியது அமிலத்தில் அரித்தது. பெட்டிமேல் ஒரே பெயர், ஒரே எண். அனுப்பியவர்கள் முறையை மாற்றியதை ஒரு வரி எழுதி அனுப்பவில்லை. டைட்டானியம் ஒளி ஊடுருவாதது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது, அதனால்தான் அதுவரை கண்ணில் படவில்லை. ஆக்டினுக்குச் சிவப்பும் உட்கருவுக்கு நீலமும் ஏற்றி, சாயத்தை ஒளிரவைத்துக் காட்டும் ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம்: பாலிஷ் வில்லையில் செல்கள் அகலமாக விரிந்து, நேரான தடித்த சிவப்புக் கயிறுகளோடு இருந்தன. அரித்த வில்லையில் சின்னதாக, பல மூலைகளோடு, மேட்டிலிருந்து மேட்டுக்குக் கால் நீட்டி நின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இரண்டு மாத நஷ்டத்தை இல்லை. அரித்த வில்லையில் எண்ணிக்கை குறைவாக இருந்த செல்களில், எலும்புச் செல்லாக முதிர்வதற்கு அடையாளமான ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் செல்லுக்குச் செல் அதிகமாக இருந்தது. சொரசொரப்பான டைட்டானியத்தில் எலும்புச் செல்கள் பெருகுவது குறைந்து முதிர்வது கூடும் என்பது துறையில் பலரும் பார்த்த விஷயம்தான், பல் பொருத்துகளை மணலடித்து அமிலத்தில் அரிப்பதற்கு ஒரு காரணமும் அதுவே. நாங்கள் செல் கெட்டுப்போனது என்று நினைத்த இரண்டு மாதமும் செல் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. கட்டுரையில் நன்றாக வளரும் என்று இருக்கிறதே, அந்த நன்றாக என்ற சொல்லுக்குள் பெருகுவது, ஒட்டுவது, முதிர்வது, பிழைப்பது என்று நாலு வேறு விஷயம் இருக்கிறது, ஒன்று கூடும்போது இன்னொன்று குறையலாம்.

சில்வண்டு இறக்கை பற்றிய பெட்டிச் செய்தி நன்றாக இருந்தது. அந்த இறக்கையில் இருக்கிற சுமார் 200 நானோமீட்டர் உயரத் தூண்கள் பாக்டீரியாவைக் கொல்கின்றன என்று ஆஸ்திரேலியாவில் எலெனா இவனோவா குழு 2012ல் சொன்னது சரியே. இறக்கையின்மேல் தங்கத்தை மெல்லிசாகப் பூசி வேதியியலை மறைத்த பிறகும் பாக்டீரியா செத்தது என்பதையும் சேர்த்திருக்கலாம், அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆனால் அதிலிருந்து நேரே மனிதச் செல்லுக்குத் தாவியது சரியில்லை. பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான் நீளம், வெளியே இறுகிய சுவர் உள்ளது. விலங்குச் செல் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரியது, சுவர் கிடையாது, வெறும் சவ்வுதான், உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஆக்டின் வலையை வைத்துக்கொண்டு வேண்டியபடி வளையும். அதே தூண்களின்மேல் அது வேறு மாதிரிதான் நடந்துகொள்ளும்.

எனக்குப் பயமெல்லாம் விளம்பரத்தைப் பற்றித்தான். மூட்டு மாற்றவோ பல் பொருத்தவோ போகிறவர் நானோ என்று அச்சடித்த ஒரு தாளைக் கையில் வாங்கும்போது, உங்கள் பத்திரிகையில் படித்தது ஞாபகத்துக்கு வரும். அந்த ஞாபகம் அவரைச் சில கேள்விகள் கேட்கவைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எத்தனை நானோமீட்டர், குழியா தூணா குழாயா, எந்தச் செல்லில் பார்த்தார்கள், தட்டில் மட்டுமா உடம்பிலுமா, எத்தனை மாதம் கழித்துப் பார்த்தார்கள். தட்டில் ஏழு நாள் ஒட்டியிருந்த செல்லும், உடம்பில் ரத்தமும் நோயெதிர்ப்புச் செல்களும் வந்து மோதுகிற இடத்தில் பத்து வருஷம் இருக்கவேண்டிய பொருத்தும் ஒன்றில்லை. எழுதுகிறவர்கள் இவற்றில் இரண்டையாவது கேட்டு எழுதினால், படிக்கிறவர்களும் கேட்கப் பழகிக்கொள்வார்கள்.

கடைசியாகப் படம். கட்டுரையோடு பாதிப் பக்கத்துக்கு ஒரு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம் போட்டிருந்தீர்கள், நீலத் தரையில் ஆரஞ்சுச் செல். அந்த நிறங்கள் பின்னால் கம்ப்யூட்டரில் ஏற்றியவை, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு நிறம் தெரியாது, ஒரு வரி குறிப்பு போட்டிருக்கலாம். அதைவிட முக்கியம், மூலப்படத்தின் அடியில் ஒரு மூலையில் அளவைக் காட்டுகிற சின்ன வெள்ளைக்கோடு இருந்திருக்கும், பக்கத்தில் ஒரு எண்ணோடு. பக்க அமைப்பில் அதை வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தக் கோடு இல்லாமல் நான் பார்த்தது 100 நானோமீட்டர் குழிகளையா, என் பிப்பெட் போட்ட மாதிரி மைக்ரான் கணக்கில் இருக்கிற கீறல்களையா என்று என்னாலேயே சொல்லமுடியவில்லை. அடுத்த முறை தயவுசெய்து அந்த மூலையை வெட்டாமல் அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்